தாயார் பெயர்

ஆவணக் காப்பகத்து மின்விசிறி கடகடக்கிறது. பிரெஞ்சு டீச்சர் தன் கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவை, பழுப்பேறிய பக்கத்தில் விரல் ஓட்டி, வாய்க்குள் தமிழாக்கிப் படிக்கிறாள். தகப்பன் பிரெஞ்சுச் சிப்பாய், பெயர் இருக்கிறது. சாட்சிக்கு வந்த தையல்காரனுக்குப் பெயர், வயது, தெரு எல்லாம் இருக்கிறது. பெற்றவள் மட்டும் ‘உள்ளூர்ப் பெண் ஒருத்தி’. டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தா அவளுடைய விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளுகிறார். “தாயார் பேரு எழுதலையே மேடம். அது இல்லாம நகல் குடுக்க முடியாது.” “உங்க ஆபீஸ்தான் சார் எழுதாம விட்டிருக்கு.” “அதுக்கு நான் என்ன பண்றது? ரூல்னு ஒண்ணு இருக்கில்ல?” அவள் பேனாவை மூடி கழற்றி அவர் கையில் திணிக்கிறாள், கனத்த பதிவேட்டைத் தூசி பறக்க அவர் பக்கம் திருப்புகிறாள். “தையக்காரனோட நாய் பேரு ஒண்ணுதான் இதுல பாக்கி. பெத்தவ பேரத் தேடி நீங்களே எழுதுங்க. நான் உக்காந்திருக்கேன்.”