எண்பதாவது மீட்டர்

“கம்ப்யூட்டர்ல போட்ட பாறையில விரிசலையெல்லாம் எடுத்துட்டேன் கோதை. கணக்கு சட்டுனு முடிஞ்சிருச்சு.”

“பாறை வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“பாறைக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா.”

கல்யாணமான புதிதில் இதே ஆய்வகத்தில் இருவரும் இப்படிப் பேசிச் சிரித்தது கோதைக்கு நினைவு வந்தது. இப்போது கணவன் ஞானசேகர் அதே கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு வயது மகள் காய்ச்சலில் போய் ஏழு மாதமாகிறது. அவள் பெயர் ஒருமுறைகூட அவன் வாயில் வரவில்லை.

ஆழ்துளைக் கிணற்றுக்குள் மின்சாரம் செலுத்திப் பாறையின் மின்தடையை அளந்து வரைந்த கோடு, எண்பதாவது மீட்டரில் திடுமெனச் சரிந்திருந்தது. அங்கே தண்ணீர் நிறைந்த முடியளவு விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அவன் கணினியில் உருவாக்கிய பாறையிலோ விரிசலே கிடையாது. அதன் கோடு அலுங்காமல் நேராகப் போனது. அந்தப் பாறையின் தன்மையைக் கொஞ்சம் மாற்றிக் கணக்கை மறுபடி ஓட்டினான். காலையிலிருந்து பதினோராவது தடவை.

“விரிசலைப் போட்டுத்தான் பாருங்களேன்.”

“போட்டா கணக்கு முடியவே முடியாது, கோதை.”

அவன் கை மறுபடி விசைப்பலகைக்குப் போனது. அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை மாதமும் கேட்காமலிருந்ததைக் கேட்டாள்.

“ஒரே ஒரு தடவை அவ பேரைச் சொல்லுங்க.”