கடைத்தெரு வழியாக

"இருக்கறதுலயே நல்ல பெட்டியாக் காட்டுங்கண்ணா" என்றாள் அந்த அம்மாள், நுழைந்ததும் நுழையாததுமாக.

கடைசிக் கடைக்காரர் தலை நிமிர்ந்தார். கடை தெருக்கோடியில் இருந்ததற்கும், எந்த மனுஷனும் கடைசியாக அவரிடம்தான் வந்தாக வேண்டும் என்பதற்குமாகச் சேர்த்து ஊர் வைத்த பெயர் அது. சவப்பெட்டி, பூ, வண்டி, குழி வெட்ட ஆள் எல்லாம் அவர் ஏற்பாடுதான். சுரங்கம் ஓடிய காலத்தில் மூன்று பேர் செய்த தொழில். சுரங்கத்தை மூடியதும் பாதி ஊர் காலியாகி, அவர் ஒருவர் மிஞ்சினார்.

வந்தவர்கள் இரண்டே பேர், தாயும் மகளும். தாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அழுது வீங்கிய முகங்களையே பார்த்துப் பழகியவருக்கு இவர்களைப் பார்க்க வினோதமாக இருந்தது. மகளின் முகத்தில் பரீட்சையில் பாஸான பிள்ளையின் தெளிச்சி.

"உட்காருங்கம்மா. தவறினது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"எப்போ?"

"எங்களுக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சது" என்று மகள் முந்திக்கொண்டாள். "கீழ பெரிய ஊர்ல நாலு இடத்துல போன் போட்டுக் கேட்டோம். இந்த மலை ஏத்தத்துல எங்க வண்டி வராதுன்னு எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. இங்கயே ஒருத்தர் இருந்தாரே, இருக்காரான்னு பாப்போம்னு அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க."

"இருக்கேன், இருக்கேன். ஊரை மொத்தமா அனுப்பிட்டுத்தான் நான் போவேன்." சுவரோரம் நிறுத்தியிருந்த பெட்டியின் மேல் துணியை விலக்கினார். "இதுதான் இருக்கறதுலயே உசத்தி. ஆள் எவ்வளவு உயரம்?"

"நல்ல உயரம். எங்க வீட்டு நிலைப்படியில தினம் தலையை இடிச்சுக்குவாரு. இடிச்சுட்டு, என்னவோ நான்தான் அதைக் குட்டையா வச்ச மாதிரி என்னை முறைப்பாரு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் அவருக்கு ஆளை அடையாளம் தெரிந்தது.

"தங்கச்சி, நீ... தண்ணி டேங்க் பக்கத்து வீடு இல்ல? வெடிக்காரன்..."

"அவர் சம்சாரம்தான்."

சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைத்த வெடிக்காரனை அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஒரு லீவு நாள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவன்தான். கேன்டீன் நடத்திய பெண்ணும் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனாள். இரண்டையும் சேர்த்து ஊர் முடிச்சுப் போட்டுக்கொண்டது. கைக்குழந்தையோடு இவள் மட்டும் தெருவில் தலைகுனிந்து நடந்தாள். பிறகு அவளும் போய்விட்டாள். இன்றைக்கும் அந்த ஊரில் புருஷன் வீடு திரும்ப நேரமானால், "என்ன, வெடிக்காரன் வழியில கிளம்பிட்டியா?" என்றுதான் பெண்டாட்டி கேட்பாள்.

கைக்குழந்தைதான் இப்போது அருகில் நிற்கிறாள் போலிருக்கிறது.

தாய் சிரித்ததில் தப்பில்லை. இத்தனை வருஷத்துப் பாரம், இன்றோடு விட்டது. ஆனால் உசத்தியான பெட்டி எதற்கு என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

"பூ நிறைய வேணும்ணா. வண்டி பூராவும் மூடணும்."

"போட்டுடலாம். ஊருக்குப் பின்னால ஒரு பாதை இருக்கு தங்கச்சி. அதுல போனா நேரா இடுகாடு. யார் கண்ணுலயும் படாம காரியத்தை முடிச்சுடலாம்."

"வேண்டாம். கடைத்தெரு வழியாத்தான் போகணும். நல்ல வெயில்ல, மெதுவாப் போகணும்."

"எல்லாரும் வாசலுக்கு வந்து பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை. "நான் சொல்றேனேன்னு தப்பா நினைக்காத. இந்தத் தெருவுல நீ எப்படி நடந்தேன்னு பார்த்தவன் நான். உன்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போன மனுஷனுக்கு, செத்தப்புறம் இவ்வளவு மரியாதை எதுக்கு? சின்னதா ஒரு பெட்டி போதாதா? உன் நல்லதுக்குச் சொல்றேன்."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையேதான் சின்ன வயசுல எனக்கு எல்லாரும் சொன்னாங்க" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. "நானும் அவரைத் திட்டியிருக்கேன். அம்மா மட்டும் ஒரு வார்த்தை திட்டினது இல்ல."

கடைசிக் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். அவரவர் மனசு அவரவருக்கு.

"சரி தங்கச்சி, உன் இஷ்டப்படியே செஞ்சுடறேன். உடம்பு இப்ப எங்க இருக்கு? வண்டியை எந்த ஊருக்கு அனுப்பணும்? தூரம்னா விடியறதுக்குள்ள கிளம்பணும்."

"தூரம் இல்லண்ணா." முதல் முறையாகத் தாயின் குரல் உடைந்தது. ஆனால் முகத்தின் தெளிச்சி மாறவில்லை. "மூணாம் சுரங்கத்து வாசலுக்கு அனுப்புங்க. வெளியூர் ஆளுங்க சுத்திப் பாக்கறதுக்காக, இடிஞ்சு அடைஞ்சு கிடந்த பாதையைத் திறந்திருக்காங்க. மண்ணுக்கு அடியில கிடந்தவர் கழுத்துல சுரங்கத்துல குடுத்த அவரோட நம்பர் தகடு இருந்துச்சாம். லீவு நாள்ல யார் உள்ள இருக்கப்போறாங்கன்னு, அன்னைக்கு இடிஞ்சப்ப யாரும் தேடலை. அவர் எங்களை விட்டுட்டு எங்கயும் போகலண்ணா."