இரண்டு கேக்குகள்

"மைக்ரோவேவ்ல சூடு பண்ணத் தெரிஞ்சவளைச் சமையல்காரின்னு சொல்வியா?"

மாரெனின் காதில் விழட்டும் என்றுதான் பிரேபன் என்னிடம் இப்படிக் கேட்டார். எங்கள் ஆபீசில் இணையதளங்களுக்குக் கோட் எழுதுகிறவர்களில் அவர்தான் மூத்தவர். பேச்சில் மட்டும் ஈரம் கிடையாது.

மாரென் பூக்கடையை மூடிவிட்டு, நாற்பது வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவள். கோட் எழுதாமலே பக்கம் கட்டித் தரும் ரெடிமேட் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, நாங்கள் வாரக்கணக்கில் இழுக்கிற பக்கத்தை ஒரே நாளில் முடித்துவிடுவாள்.

"வேலை முடியுதில்ல, அப்புறம் என்ன?" என்றேன்.

"முடியுது. உள்ள என்ன நடக்குதுன்னு கேளு, முழிப்பா."

அவருக்கு வயிற்றெரிச்சல் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த வெள்ளிக்கிழமையோடு அவளுடைய புரொபேஷன் முடிகிறது. வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று மேலாளர் கிர்ஸ்டன் அன்று சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை பார்த்து, படகு டிக்கெட் தளம் படுத்துவிட்டது. அதுவும் மாரென் அந்தக் கருவியைப் புதுப்பித்த கையோடு. ஆர்ஹுஸ் துறைமுகத்திலிருந்து போன் மேல் போன். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் அவள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து திறந்து மூடினாள். பிரேபன் முணுமுணுத்துக்கொண்டே அவள் நாற்காலியில் உட்கார்ந்து சரிசெய்தார். என்ன கோளாறு என்று சொல்லாமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. சொதப்பியவர் மறுநாள் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும்.

மறுநாள் மாரென் வீங்கிய கண்களும் கேக் பெட்டியுமாக வந்தாள். மேசையில் ஏற்கெனவே ஒரு கேக் இருந்தது.

"இது யாரோடது?" என்றார் கிர்ஸ்டன்.

"என்னோடது," என்றார் பிரேபன். "அவ புதுப்பிச்சதுல தப்பில்ல. என்னைக்கோ நான் அந்தக் கருவியோட கோட் நடுவுல கையால நாலு வரி சொருகி வெச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. அதுதான் புதுசோட இடிச்சுது."

கிர்ஸ்டன் மாரென் பக்கம் திரும்பினார்.

"அப்ப உன்னை அனுப்புறதுக்கு எனக்கு ஒரு காரணமும் இல்ல. நீ இங்கயே இரு."

மாரெனுக்கு அழுகை வந்துவிட்டது. "என் தப்புன்னே நினைச்சேன். ராத்திரி பூரா தூங்கல."

பிரேபன் அவளுடைய கேக் பெட்டியை மூடி, அவள் பக்கமே தள்ளினார்.

"உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம இருந்தா, எங்க தப்புக்கெல்லாம் நீதான் கேக் வாங்கிட்டு வருவ. அதுக்குத்தாம்மா இத்தனை நாளா கத்தினேன்."