தொட்டில் பிழை

புது மேலாளர் பிழைப் பதிவேட்டைத் தூக்கிவந்து செக்கிங் மேஜைமேல் போட்டார்.

"நூல் பிரிஞ்சது, பொத்தான் தளர்வு, எண்ணெய்க் கறை. இதெல்லாம் புரியுது. இது என்னக்கா, 'தொட்டில்'?"

தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் கண்ணாடி அக்கா நிமிரவில்லை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். மேலாளர்கள் வருவார்கள், போவார்கள். காலர் கோணாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"சின்னத் தப்பு சார். பிரிச்சுத் தைச்சா சரியாயிடும். தைச்சவங்க பிழைக் கணக்குல சேர்க்கறதில்லை."

"விதிப் புத்தகத்துல இப்படி ஒண்ணு இல்லையே?"

"இல்லைதான்."

"மாசத்துல மூணு பிழைன்னா வேலையை விட்டு எடுக்கணும். இந்தக் காலர் தைக்கிற பொண்ணைப் பாருங்க, மூணு தொட்டில். அந்த வார்த்தையை அடிச்சிட்டு மூணையும் பிழைன்னு எழுதுங்க."

அந்தப் பெண்ணின் புருஷன் இரண்டு மாதமாகப் படுத்த படுக்கை. வீட்டில் சம்பாதிக்கிற கை அவள் ஒருத்தியுடையதுதான். அக்கா பேனாவை எடுத்தாள், மூடியைத் திறக்கவில்லை.

"முதல்ல இந்த வார்த்தையை யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான் சார். அப்ப ஒரு அம்மா இங்க தைச்சாங்க. கைக்குழந்தைக்காரி. பிள்ளை விடிய விடிய அழும். தொட்டிலை ஆட்டிட்டுப் பொட்டுத் தூக்கம் இல்லாம வந்து மெஷின்ல உட்காருவாங்க. ஒருநாள் சட்டைப் பையை முதுகுப் பக்கம் வச்சுத் தைச்சுட்டாங்க."

"முதுகுலயா?"

"முதுகுலதான். பிழைன்னு எழுத எனக்குக் கை வரலை. தொட்டில்னு எழுதினேன். அப்புறம் யார் சறுக்கினாலும் அதே பேரு ஒட்டிக்கிச்சு."

மேலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"வீட்டுக் கஷ்டத்தை வீட்டோட வச்சுட்டு வரணும்க்கா. எங்கம்மாவும் இதே ஹால்லதான் தைச்சாங்க. பதினெட்டு வருஷம். அவங்க பேருல ஒரே ஒரு பிழை இருக்கான்னு பழைய பதிவேட்டையெல்லாம் எடுத்துப் பாருங்க."

"எடுக்க வேண்டாம் சார், இருக்காது," என்றாள் அக்கா, அடுத்த சட்டையை விரித்தபடி. "அத்தனையையும் தொட்டில்னுதானே எழுதி வச்சிருக்கேன்."