கடைசிக் கேள்வி

“உங்களுக்கெல்லாம் வெட்கமாவே இருக்காதா?”

மைக்கைப் பிடித்துக் கேட்டவர் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். மேடையில் இருந்த நகராட்சி கமிஷனர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. வார்டின் ஆண்டறிக்கைக் கூட்டம் தொடங்கியதிலிருந்து வளர்ச்சி, வளர்ச்சி என்று ஒரே பாட்டு. திரையில் பூங்கா வந்தது, கை தட்டினார்கள். குப்பை லாரி வந்தது, அதற்கும் தட்டினார்கள். ‘பசுமை நகரம்’ என்று எழுதிய மேடையோரம் பிளாஸ்டிக் செடிகள் வரிசையாக நின்றன. யாராவது சுட்டிக் காட்டியிருந்தால் அவற்றுக்கும் தட்டியிருப்பார்கள்.

“பூங்கா கட்டினீங்க, சரி. பொழுது சாஞ்சா அங்க ஒரு விளக்காவது எரியுதா?” என்றார் கண்ணாடிக்காரர்.

கேள்வி முடிவதற்குள் திரையில் புது விளக்குக் கம்பங்களின் படம் வந்து நின்றது. கூடிய சீக்கிரம் எரியும் என்றார் கமிஷனர். படம் காட்டுவதில் மட்டும் என்ன சுறுசுறுப்பு என்று தையல்காரி மனதுக்குள் காறித் துப்பினாள்.

“இந்தக் கூட்டத்துலயே முதுகெலும்புள்ள ஆளு இவரு ஒருத்தர்தான் அண்ணி,” என்று காதோரம் சொன்னாள் நாத்தனார். “மத்ததெல்லாம் டீக்கும் பிஸ்கட்டுக்கும் வந்த கும்பல்.”

“நாமளும்தான் பிஸ்கட் தின்னோம்.”

“நாம கேள்வியோட வந்து தின்னோம். அது வேற.”

“எந்தத் தெருக்காரரு இவரு?”

“யாருக்குத் தெரியும்? ஊருதான் தினம் தினம் பெருத்துக்கிட்டே போகுதே.”

தையல்காரியின் கேள்வி சின்னதுதான். அவள் தெருவில் புதிதாகக் கட்டிய மழைநீர்க் கால்வாய், தெருவைவிட ஒரு முழம் உயரம். மழைத் தண்ணீர் அதில் ஏற முடியாமல் நேரே அவள் முன்னறைக்குள் வந்துவிடும். தையல் மெஷினும் ஊரார் தைக்கக் கொடுத்த துணியும் இருப்பது அங்கேதான். போன மழையில் ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்பு சேற்றில் மிதந்தது. இன்னொரு மழையைத் தொழில் தாங்காது.

ஆண்டுக் கூட்டத்தில் கேட்டால்தான் வரும் வருடத்து வேலையில் சேரும், விட்டால் அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான் என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளோ பேசிப் பழகாதவள். வார்த்தைகள் உள்ளேயே ஊறிக் கிடக்கும், வாய்வரை வராது.

“நேரமாச்சு. கடைசியா ஒரே ஒரு கேள்வி,” என்றார் கமிஷனர்.

நாத்தனார் முழங்கையைப் பிடித்து அவளைத் தூக்கிவிட்டாள். மைக் அவள் கைக்கு வந்தது. எப்படித் தொடங்குவது என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் கண்ணாடிக்காரரே எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார்.

“என்னம்மா பிரச்சனை? எங்கிட்ட சொல்லுங்க.”

தாழ்ந்த குரலில், கோர்வையில்லாமல், தெருப் பெயரோடு சொன்னாள்.

“நீங்க கேட்டா மழுப்பிடுவாங்கம்மா. நான் நறுக்குன்னு கேட்டாத்தான் உறைக்கும். இப்படிக் குடுங்க.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவர் நறுக்கென்றுதான் கேட்டார். “கால்வாய் கட்டினோம், கால்வாய் கட்டினோம்னு மார்தட்டுறீங்களே, தெருவைவிட உசரமாக் கட்டினா தண்ணி என்ன ஏணி வெச்சா ஏறும்? படிச்சவங்கதானே நீங்கல்லாம்?”

அரங்கம் அதிரக் கை தட்டியது. பூங்காவுக்கும் குப்பை லாரிக்கும் தட்டிய அதே கைகள். கமிஷனர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“மக்களோட கோபம் நியாயமானது. கவனத்துல வெச்சுக்கறோம்.”

கூட்டம் கலைந்தது.

“கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாரு அண்ணி,” என்றாள் நாத்தனார். “கமிஷனர் மூஞ்சியப் பாத்தீங்களா? பிழிஞ்ச துணி மாதிரி ஆயிருச்சு.”

தையல்காரி காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தெருப் பேரைச் சொல்லலையே அவரு.”

“ஆவேசத்துல மறந்திருப்பாரு. அதுக்கென்ன, போய் ஞாபகப்படுத்துங்க. கமிஷனர் இன்னும் கிளம்பியிருக்க மாட்டாரு. அந்தப் பெரியவரையே கூட்டிட்டுப் போய்ச் சொல்ல வைங்க.”

தையல்காரி அரங்கத்தின் பின்பக்கம் ஓடினாள். கமிஷனரின் காருக்குப் பக்கத்தில் கண்ணாடிக்காரரும் கமிஷனரும் நின்றிருந்தார்கள். இன்னும் விடாமல் மல்லுக்கு நிற்கிறார் மனிதர் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. எப்படியும் தெருப் பெயர் இன்றைக்கே ஏறிவிடும்.

கூப்பிட வாயெடுத்தவள் நின்றாள். கமிஷனர் அவருக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு அடுத்த வார்டுக் கூட்டத்துல கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க மாமா.”