லீவு உத்தரவு

தெரேசம்மா மரவள்ளிப் பாத்தியை அடியோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் மூன்று மாதமாவது மண்ணில் கிடக்கவேண்டிய கிழங்கு. விரல் பருமன்கூட இல்லை.

லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பிராச் சவேரியாளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை, தேயிலைக் கொழுந்தும் இல்லை, கூடையும் இல்லை. வாய்க்கு மட்டும் யாரும் லீவு விடவில்லை.

"என்னா தெரேசு, காலேஜ் மவன் வர்றான்னு பிஞ்செல்லாம் புடுங்கிட்ட. எம் மவன் சூசையுந்தான் நாளைக்கு வர்றான். நான் என்ன தோட்டத்தையேவா புடுங்கிப்புட்டேன்?"

தெரேசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த செடியைப் பிடித்து இழுத்தாள். பெருமை தலைக்கேறிவிட்டது என்று சவேரியாள் முடிவு கட்டினாள்.

பெருமைப்பட விஷயம் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். தெரேசம்மாவின் மகன் பவுல் இரத்தினபுரியில் ஒரு தொழிற்பாடசாலையில் படிக்கிறான். அங்கே மாணவர் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். சங்கம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பதினொரு பேர், ஒரு மேசை, காலொடிந்த பெஞ்சு ஒன்று.

இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் நாலு பேர் அங்கே படித்தார்கள். லீவு வந்தால் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வரலாமென்றால், செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைக்காரர் பேரேட்டில், பேர் உள்ளவனுக்கும் அவன் குடும்பத்துக்கும்தான் லயத்தில் இடம். வெளியூருக்குப் படிக்கப் போனவனைத் தோட்டம் அந்நியனாகவே வைத்திருந்தது.

போன நத்தார்ப் பண்டிகைக்கு வந்த பவுலைக் காவல்காரன் எல்லையிலேயே மறித்து விரட்டினான். தாய் கொடியில் புதுச் சட்டை போட்டு வைத்திருக்க, அவன் றக்வானக் கடைவீதியில், சங்கத்துச் சிநேகிதன் முஹ்ஸினுடைய வாப்பாவின் துணிக்கடையில் பொதிகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தான்.

அதற்குப் பிறகுதான் சங்கம் தோட்டத் துரைக்கு மனு எழுதியது. லீவு நாட்களில் மாணவர்களைத் தாய் தகப்பனோடு லயத்தில் தங்க விடவேண்டும் என்று. முஹ்ஸின் தோட்டத்துக்குள் வரமுடியாமல் ரோட்டில் நின்றே பெற்றவர்களிடம் பெருவிரல் ரேகை வாங்கினான்.

முதலில் வைத்தது சவேரியாள். அதை அவள் மறக்கவும் மாட்டாள், பிறரை மறக்கவிடவும் மாட்டாள். மற்ற இரண்டு வீட்டாரும் வைத்தார்கள். தலைவனுடைய தகப்பன் அருமைநாயகம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி."

"யோசிக்க என்னங்க இருக்கு? எங்க கடையில பவுலுக்குப் படுக்க எடமிருக்கு. அவன்ட உம்மா அங்க இல்லையே" என்றான் முஹ்ஸின். அவர் கட்டிய கையை அவிழ்க்காமலே திரும்பி நடந்தார்.

சங்கத் தலைவனைப் பெற்றவனுக்கு ஒரு விரல் தூக்கத் தைரியமில்லை என்று தண்ணீர்ப் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஆரம்பித்து வைத்தது யார் என்று சவேரியாளைக் கேட்டால் தெரியாது என்பாள்.

பத்து மணிக்குப் பவுல் வந்துவிட்டான். தோளில் தகரப் பெட்டி, கையில் துரை கையெழுத்துப் போட்டுப் பாடசாலைக்கு அனுப்பிய உத்தரவு. காவல்காரன் அதைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் படித்துவிட்டு வழிவிட்டானாம்.

லயத்து வாசலில் நின்று பவுல் உரக்கப் படித்தான். "செக்ரோலில் பேர் உள்ளவர்களின் பிள்ளைகள், பாடசாலை லீவில், தாய் தகப்பனுடன் தங்கலாம்."

சவேரியாள் ஒருமுறைக்கு இரண்டுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அருமைநாயகம் வாசற்படியில் குந்தியிருந்தார். பவுல் அவர் பக்கம் திரும்பினான்.

"ஒரு வெரல் வைக்க ஒங்களுக்குப் பயமாப் போச்சில்லப்பா. சங்கத்துல எல்லாரும் என்னயத்தான் பாத்தாங்க. மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல."

"பயந்தான்ப்பா" என்றார் அவர்.

"சரி, போவட்டும். இனி ஒரு மாசம் அம்மா கையால தின்னுட்டு இங்கயே கெடக்கப் போறேன்." பவுல் குனிந்து காம்பிராவுக்குள் கால் வைத்தான்.

"பெட்டிய உள்ள வைக்காத பவுலு."

சவேரியாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்ல மனுசன் போ. தொரையே விட்டுட்டாரு, இவரு விட மாட்டேங்கிறாரு."

பவுல் உத்தரவை அவர் முன்னால் நீட்டினான். "இன்னுமாப்பா பயம்? ஒங்க பேரு செக்ரோல்ல இருக்கிற மட்டும் என்னய எவனும் வெளிய போட முடியாது. எழுதியே குடுத்திருக்காங்கப்பா."

தெரேசம்மா பிடுங்கிய செடியோடு பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அருமைநாயகம் எழுந்து வந்து, மகன் தோளிலிருந்த பெட்டியை இறக்கி வாசலில் வைத்தார். அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"முந்தாநேத்து ஆபீசுக்குக் கூப்ட்டாரு தொரை. மத்த மூணு புள்ளைங்களும் வீட்டுக்கு வரணும்னா, சங்கம் வச்சவன் வீட்டுப் பேரு செக்ரோல்லருந்து போயாகணும்னாரு."

சவேரியாளின் வாய் திறந்தபடியே நின்றது.

"வெட்டிக்கங்கன்னு சொல்லிட்டேன்ப்பா."