மறைத்து வைத்த வரி

தேவாலயப் பாடகர் குழுவை நடத்தும் கிருபாவின் இசைக்குறிப்பு மென்பொருள் சில நாள் ஒழுங்காக ஓடியது. சில நாள் பாதிப் பாட்டில் தானாகவே மூடிக்கொண்டது. பழுது பார்க்க வந்த எமிமாள்தான் கண்டுபிடித்தாள்: மூன்றாம் சரணத்தைத் தொட்டால் மட்டுமே அது நின்றது. அங்கே ஆண்களின் தாழ்ந்த பேஸ் குரலுக்கான வரி ஒன்று மறைக்கப்பட்டிருந்தது.

“இதாங்க்கா பிரச்சன. அழிச்சிரட்டுமா?”

“எங்க வீட்டுக்காரவுக பாடுன வரிம்மா. அவுக தவறுன பொறவு பாக்க முடியாம மறைச்சி வச்சேன்.”

“அப்ப அழிக்காண்டாம்க்கா. வெளிய காட்டுனாலும் சரியாயிரும்.”

எமிமாள் வரியைத் திரைக்குக் கொண்டுவந்து பாட்டை ஓடவிட்டாள். மூன்றாம் சரணம் வந்தது. மென்பொருள் நிற்கவில்லை.

“ரொம்ப நன்றிம்மா,” என்றாள் கிருபா. எமிமாள் பையை எடுத்ததும், “இன்னொரு தடவ போடேன். மத்த குரலையெல்லாம் நிறுத்திட்டு.”